படித்தேன், புரிந்துகொண்டேன்

பசை ஆலையின் ஆய்வுக்கூடத் தலைவர் தன் நோட்டில் இரண்டு வருடம் பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். மறுநாள் காலை முதல் ஷிஃப்ட் சங்கு ஊதியபோது அவருடைய வழுக்கையில் முடி இருந்தது. புதிதாக முளைத்த முடி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் தலையில் இருந்த அதே முடி, அதே கோணல் வகிடு, காதோரம் அதே சாயம். தொப்பையும் ஒரு சுற்று குறைந்து பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அன்று முழுக்க ஒரு கையால் பேண்ட்டையும் மறு கையால் தலையையும் பிடித்துக்கொண்டேதான் வேலை பார்த்தார். போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்து எடுத்துப்போட்ட சிறுநீரகக் கல் மத்தியானத்துக்குள் பழைய இடத்துக்கே வந்து வலிக்கத் தொடங்கியது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. முடியை மட்டும் எல்லோரிடமும் காட்டினார். அதே வாரம் பசை டின்னின் விலை ஏறியது, கடைத்தெருவில் ஒரு தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஊரில் இந்த மூன்றையும் பற்றி ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பேச்சு இருந்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் கெட்டி அட்டை போட்டுத் தைத்த நோட்டு ஒன்று கொடுப்பார்கள். பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருக்கும். ஒன்றைக் கிழித்தால் தெரிந்துவிடும். பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடியில் இடம் மிஞ்சினால், பின்னால் யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். அன்றன்று செய்ததை அன்றன்றே எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக, அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் பக்கம் முழுவதையும் படித்துப் பார்த்து, ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று எழுதி, தேதி போட்டுச் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். நாளைக்கே இன்னொருத்தன் வந்து இது என் கண்டுபிடிப்பு என்று சொன்னால், இல்லையப்பா, நாங்கள்தான் முதலில் என்று காட்ட இந்த நோட்டை விட்டால் வேறு நாதி இல்லை. ஆலையின் வக்கீல் மாதம் ஒரு தரம் வந்து இதையெல்லாம் பாடம் எடுப்பார். நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்தது எதுவும் தொலையாது, எழுதாதது நடக்கவே இல்லை என்று சொல்லித்தான் முடிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு வாரம் முழுக்கப் பரிசோதனை முடிவுகளை டீக்கடை ரசீதின் பின்பக்கத்திலும் உள்ளங்கையிலும் கிறுக்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஆறு நாள் வேலையை ஒரே மூச்சில் எழுதுவார்கள். அப்புறம் நோட்டுகள் சாட்சிக்காக மேசை மேசையாக அடுக்கடுக்காகப் போகும். படித்தவரும் கிடையாது, புரிந்துகொண்டவரும் கிடையாது. பலகாரம் தின்ற விரலின் எண்ணெய்க் கறைதான் பாதிப் பக்கங்களுக்கு உண்மையான சாட்சி.

பழைய தேதி போடுவதும் அங்கே புதிதல்ல. எதிர்ச்சாரியில் இன்னொரு பசை ஆலை இருந்தது. அதன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர், நம் தலைவரின் மனைவியுடைய தம்பி. மைத்துனர் ஒரு பசைக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டால், இவர் அதற்கு இரண்டு மாதம் முந்திய தேதியில் நோட்டு எழுதிக் காட்டுவார். அடுத்த தரம் அவர் காட்டுவார். குடும்ப விசேஷங்களில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் நோட்டை ஒருவர் நக்கலடிப்பார்கள். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இந்தத் தடவை மட்டும் தேதி ஏன் பலித்தது என்று யாரும் கேட்கவில்லை. நோட்டும் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம்.

தலைவரின் முடியைப் பார்த்ததும் ஆய்வுக்கூடத்தில் பழைய தேதிக்கு ஏகப்பட்ட கிராக்கி ஏற்பட்டது. சாட்சி போடுகிறவருக்கும் தேதி பலிக்கும் என்று தெரிந்த பிறகு, அதுவரை நோட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் சாட்சி போடவா சார் என்று தாங்களாகவே வந்து நின்றார்கள். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றினார்கள். முட்டி வலிக்காரர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினார். ஆனால் போன வருடங்களில் வந்தது எல்லாம் திரும்பிப் போனது என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். பதவி உயர்வு வந்தவர் பழைய நாற்காலிக்குப் போனார். கார் ஓட்டக் கற்றவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஆலை வாசலிலேயே காரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எல்லோரையும்விட அதிகமாக அடிபட்டவர் ஸ்டோர் கீப்பர். ரசாயனப் புட்டிகளை எண்ணிக் கொடுக்கும் அந்த அமைதியான மனுஷர், தலைவர் நீட்டினார் என்பதற்காக ஒரு பக்கத்தில் சாட்சி போட்டார். அவருக்குக் கல்யாணம் ஆகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் சங்கு ஊதியது, பக்கத்தில் படுத்திருந்த மனைவி இல்லை. அந்தப் பெண் தன் அம்மா வீட்டில் இருந்தாள். இவர் ஓடிப்போய்க் கதவைத் தட்டியதும் யாரோ எவரோ என்று பார்த்தாள். இப்படி அடுத்தவர் கையெழுத்தால் பழைய இடத்துக்குப் போகிறவர்களுக்கு நினைவு இருப்பதில்லை, மற்றவர்களுக்கு உண்டு. பெண்ணின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எல்லாமே நினைவிருந்தது. ஆனால் கல்யாணச் செலவு கைக்குத் திரும்பி வந்துவிட்டதால் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் அந்தக் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்துப் பார்த்தார், முறைப்படி சுருக்கொப்பமும் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. முறைப்படியே இன்னொரு தரம் பெண் பார்க்கவும் போனார். இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இதற்கெல்லாம் அசையாமல் ஒரே ஒருத்தி அன்றைய தேதியையே போட்டுக்கொண்டிருந்தாள். அவளை எல்லோரும் ஈரக்கை என்று கூப்பிடுவார்கள். ஈரத்தில் ஒட்டுகிற பசையைத் தேடி நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர். அவளோடு கைகுலுக்கியவர்கள் உடனே கைக்குட்டையைத் தேடுவார்கள். புருஷன் தையல்காரர், வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தார். ஒரு பெண் குழந்தை; இரண்டு வயது தாண்டியிருந்தது, மெஷின் ஓடும்போது தூங்கி அது நின்றதும் அழுகிற குழந்தை. ஈரக்கையின் பசை அந்த மழைக்காலத்தில்தான் கூடிவந்தது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயில், தண்ணீரை நிறுத்தாமலே, ஒட்டிக் காட்டினாள். உடைந்த கூரை ஓடு ஒன்றை ஓடும் தண்ணீருக்கு அடியிலேயே ஒட்டிக் காட்டினாள். நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். சாட்சிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தலைவர் இன்றைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். அதற்குள் வாடையை மோப்பம் பிடித்த மைத்துனர், எதிர் ஆலையில் இதே பசையை இரண்டரை வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டதாக மனுப் போட்டார்.

தலைவர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? ஈரக்கையின் பக்கங்களைத் தன் நோட்டில் தன் கையெழுத்தில் வரி பிசகாமல் பார்த்து எழுதினார். மேலே மூன்று வருடம் பழைய தேதியைப் போட்டார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்து. சாட்சிக்கு ஒருவர் வேண்டும். வேலையில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும், ஆனால் கேட்டால் பசையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அவர் அந்த நோட்டை அடுக்கின் நடுவில் செருகி ஈரக்கையின் மேசைக்கு அனுப்பினார்.

ஈரக்கை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுத்தவர்களின் பக்கங்களை வரி வரியாகப் படித்துத்தான் சாட்சி போட்டாள். கேள்வி கேட்டாள், ஓரத்தில் கேள்விக்குறி வைத்தாள். அதனால் அவள் மேசைக்கு நோட்டு அனுப்பவே எல்லோரும் பயந்தார்கள். டீ குடிக்கப் போகும்போது கூப்பிடாமல் விட்டார்கள். ஆறு மாதத்தில் அவளும் ஊரோடு ஒத்துப்போனாள். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அடுக்கைத் தன் பக்கம் இழுத்தாள். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் என்ன தேதி இருந்ததோ அதையே அடியிலும் எழுதி, படித்தேன், புரிந்துகொண்டேன், படித்தேன், புரிந்துகொண்டேன் என்று போட்டுத் தள்ளினாள். தன் பசையைத் தன்னிடமிருந்து திருடிய பக்கத்துக்குத் தானே சாட்சி போட்டாள். அதுவும் நல்ல கையெழுத்தில்.

கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளைத் தலைவர் வாசலில் நிறுத்தினார். அவருக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. “நம்ம பசையைக் காப்பாத்தியாச்சும்மா. மூணு வருஷம் முன்னாடியே தேதி போட்டாச்சு. நீதான் சாட்சி.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கைப்பையைக் கீழே வைத்தாள். தன் குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை என்று மட்டும் சொன்னாள். தலைவர் உண்மையாகவே யோசித்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை போலும். பிறகு ஆறுதலாகத்தான் சொன்னார். “உனக்கென்னம்மா, சின்ன வயசு. நாளையிலேர்ந்து இன்னும் சின்ன வயசு. குழந்தை மறுபடி பெத்துக்கலாம். இந்தப் பசை மறுபடி வருமா?”

இந்த வாக்கியத்தை ஆய்வுக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

காலைச் சங்குக்கு ஒரு இரவு இருந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், நோட்டை வெளியே கொண்டுபோக முடியாது. ஈரக்கை முதலில் வக்கீலுக்குப் போன் செய்தாள். அந்தக் கையெழுத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டாள். வக்கீல் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். எடுக்க முடியாது, அதற்குத்தானே நோட்டு என்றார். நோட்டில் எழுதிச் சாட்சி வைத்தது தொலையாது என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று கடிந்துகொண்டு போனை வைத்தார். தொலையாது என்ற அந்தச் சொல்லை ஈரக்கை தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, மெஷினை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே ஆலைக்கு வரச் சொன்னாள். ஏன் என்று தையல்காரர் கேட்டதற்கு, வந்தபிறகு சொல்கிறேன், அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வாங்க என்றாள்.

வாசல் காவலாளி அவர்களை உள்ளே விடவில்லை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. ஈரக்கை இறங்கிவந்து, இது வெளியாள் இல்லை, ஆய்வுக்கு வந்த மாதிரிப் பொருள் என்றாள். மாதிரிகளுக்கு அனுமதி உண்டு. காவலாளி தன் பதிவேட்டில் ‘மாதிரி, ஒன்று, அழுகிறது’ என்று எழுதிக் கதவைத் திறந்தார். தையல்காரரை மாதிரியைத் தூக்கி வந்த ஆள் என்று எழுதிக்கொண்டார்.

குழந்தையை ஆய்வு மேசை மேல் உட்காரவைத்தார்கள். ஈரக்கை தன் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டாள். கண்டுபிடிப்பின் பெயர் என்ற இடத்தில் ‘குழந்தை’ என்று எழுதினாள். மூலப்பொருட்கள் என்ற இடத்தில் ‘இருவர்’ என்று எழுதினாள். செய்முறை என்ற இடம் வந்ததும் தையல்காரர் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அங்கே அவள் சுருக்கமாக எழுதினாள், ஆனால் எழுதினாள், ஏனென்றால் செய்முறை விட்டுப்போன பக்கம் செல்லாது. பிறகு ரசாயனத் தராசில் எடை பார்த்தாள். குழந்தை எடைக்கற்களை வாரிப் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தது. தையல்காரர் அளவு நாடாவால் உயரம், தலைச் சுற்றளவு, கை நீளம் எல்லாம் எடுத்துச் சொன்னார். பழக்கத்தில் தையலுக்கு ஒரு விரல்கடை கூட்டிச் சொன்னதை அவள் கழித்து எழுதிக்கொண்டாள். பற்களை எண்ணினார்கள். அதற்கப்புறம் தவறாமல் எழுத வேண்டியவை வந்தன. அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் சிரிக்கும். வா என்றால் வராது. போ என்றால் போகாது. நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டால் எழுப்ப ஆள் இல்லை. பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் ஆயிற்று. இதெல்லாம் எதற்கு என்று தையல்காரர் கேட்டார். எது விட்டுப்போகுமோ, விட்டுப்போனது என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாயிருக்கு என்றாள். அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அதன்பின் அவரும் நினைவுக்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார், மூச்சு வாங்கச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் எழுதிய பக்கங்களில் கண்ணீர் விழுந்து மசி கலங்கிய இடங்களிலெல்லாம் முறைப்படி கோடு போட்டு அடித்து மறுபடி எழுதினாள்.

சாட்சி வேண்டும். புருஷன் சம்பந்தப்பட்டவர், செல்லாது. ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் அவள் கண்ணில் படாமல் ஒவ்வொருவராக நழுவியிருந்தார்கள். ஸ்டோர் அறையில் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த ஸ்டோர் கீப்பர் மட்டும் இருந்தார். ஏற்கெனவே ஒரு கையெழுத்தால் குடும்பத்தைத் தொலைத்தவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை; கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பூட்டுகிறவர் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றார். ஸ்டோர் கீப்பர் சட்டை பண்ணவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு நிமிர்ந்து குழந்தையைப் பார்த்து, சரிதானா என்று சோதித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“சில நாள் காரணமே இல்லாம அழும்னு எழுதியிருக்கீங்க. இது எனக்குப் புரியல மேடம். புரிஞ்சுதுன்னு எப்படிப் போடறது?”

“எனக்கும் புரியல சார். பெத்தவ எனக்கே புரியல.”

அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். போன தடவை புரிந்தது என்று போட்டுத்தானே இந்தக் கதி என்று நினைத்திருப்பார். பிறகு, அந்த ஆய்வுக்கூடத்தின் சரித்திரத்தில் அதுவரை யாரும் எழுதாததை எழுதினார்: ‘படித்தேன். புரியாத இடங்களும் உண்டு.’ அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

காலையில் சங்கு ஊதியது. ஈரக்கையின் தலைமுடி இடுப்புக்கு இறங்கியது. பிரசவத்துக்குப் பிறகு கொட்டிப்போன முடி அது. அடிவயிற்றுத் தழும்பு காணாமல் போனது. தொட்டில் போனது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னச் சட்டைகள் போயின, சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஈரக்கையும் தையல்காரரும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை மட்டும் தரையில் உட்கார்ந்து, துணி ஒன்றும் இல்லாமல், பாலுக்கு அழுதது. இரண்டு பேரும் அதன் பக்கத்தில் தரையிலேயே விழுந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். மூன்று அழுகையையும் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

குழந்தையின் பெயர் போயிருந்தது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நோட்டில் பெயர் என்ற இடத்தில் அவள் ‘குழந்தை’ என்று எழுதியிருந்தாள். வைத்த பெயரை எங்கேயும் எழுதவில்லை. அது அவர்களுக்கும் நினைவுக்கு வரவில்லை, தெருவில் யாருக்கும் வரவில்லை. அன்றிலிருந்து பாப்பா என்றே கூப்பிட்டார்கள். எழுத மறந்த இருமலும் போயிருந்தது, அதற்கு யாரும் வருத்தப்படவில்லை. பிடிவாதம் ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது. அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கக் கூடாதா என்று தையல்காரர் அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஆலையில் சேரும்போது எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: நோட்டில் எழுதப்படும் கண்டுபிடிப்புகள் அனைத்தும் ஆலைக்கே சொந்தம். வக்கீல் அடுத்த மாதப் பாடத்துக்கு வந்தபோது ஈரக்கையின் பக்கங்களைப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட பக்கங்களை அவர் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. தேதி சரி, கோடு சரி, சுருக்கொப்பம் சரி, சாட்சி படித்திருக்கிறார்கூட. அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். அந்த வாரமே குழந்தைக்குக் காப்புரிமை கேட்டு ஆலையின் பெயரில் மனுப் போட்டார். ஈரக்கை குழந்தை பெற்றதே இல்லை என்று ஒரு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி அதோடு இணைத்தார். அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை; அவள் உடம்பில் பெற்றதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே குழந்தை நோட்டிலிருந்துதான் வந்தது, நோட்டு ஆலையுடையது என்பது வக்கீலின் வாதம்.

வழக்கு இழுத்தது. வழக்கு முடியும்வரை மாதிரி தயாரித்தவர் பொறுப்பிலேயே இருக்கலாம், ஆனால் அதில் மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. வாராவாரம் ஆலையிலிருந்து ஒரு ஆள் அளவு நாடாவோடு வந்து, குழந்தை நோட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று சரிபார்த்துப் போனார். குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. இதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தையல்காரர் பதில் எழுதினார், நிறுத்தப் பார்த்தோம், கேட்கவில்லை என்று. முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியபோது வக்கீல் தானே நேரில் வந்து, விழுந்தால் பத்திரப்படுத்தி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவை கதவு தட்டப்படும்போதும் ஈரக்கை குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். வெளியில் பார்த்தால் சிரித்த முகம், உள்ளே அவள் தூங்கி வருடக்கணக்காயிற்று.

தலைவரும் மைத்துனரும் இதற்குள் வேறு கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மூன்று வருடம் என்றார், அவர் ஐந்து என்றார். இவர் எட்டு, அவர் பன்னிரண்டு, இப்படியே இருபதையும் தாண்டினார்கள். இருவர் முகத்திலும் பருக்கள் வந்தன. கடைசியில் தலைவர் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று தைரியமாக ஒரு தேதியைப் போட்டார். அது அவர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாளுக்கு முந்திய தேதி. மறுநாள் காலை காவலாளி அவரை உள்ளே விடவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார். எதிர் வாசலில் மைத்துனரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் இப்போது கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒருவர் விடைத்தாளை ஒருவர் பார்த்து எழுதுவதாகப் புகார் இருக்கிறது. ஈரத்தில் ஒட்டும் பசைக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லாமல் போகவே ஊரெல்லாம் அதைக் காய்ச்சி விற்கிறது. எந்த டின்னிலும் ஈரக்கையின் பெயர் இல்லை. அதைப் பற்றி அவளிடம் கேட்டால், எனக்கு இருக்கிற கவலையில் அது ஒன்றுதான் பாக்கி என்பாள்.

தீர்ப்புச் சொன்ன அன்று பாப்பாவுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. காப்புரிமை அலுவலகத்தில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருந்தார், கோப்புகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது. பாப்பா காட்சிப் பொருள் என்பதால் மேசைக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில், கழுத்தில் எண் எழுதிய அட்டையோடு, காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மாவும் அப்பாவும் மரத் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அதிகாரி கரகரத்த குரலில் வாசித்தார். மனுவில் சொல்லப்பட்ட குழந்தையில் புதுமை ஏதும் காணப்படவில்லை. அழுவது, காரணமின்றி அழுவது, வா என்றால் வராதது, காது மடலைப் பிடித்துத் தூங்குவது ஆகிய அனைத்தும் எல்லா வீடுகளிலும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. செய்முறையும் பொதுமக்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததே. மேலும், புரியாத இடங்களும் உண்டு என்று சாட்சியே ஒப்புக்கொண்டிருப்பதால், இந்தப் பக்கங்களைப் பார்த்து இன்னொருவர் இதே குழந்தையைச் செய்துவிட முடியாது. ஆகவே மனு தள்ளுபடி. இந்தக் குழந்தையின் மேல் எந்த ஆலைக்கும் எந்த உரிமையும் இல்லை.

தையல்காரர் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின் வரிசையில் ஸ்டோர் கீப்பர் மூக்கை உறிஞ்சினார். வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, சாட்சியைப் படிக்கவிட்டதுதான் தப்பு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஈரக்கை மட்டும் நகரவில்லை. அவள் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சிவந்தது.

“புதுசா ஒண்ணும் இல்லன்னு எப்படி சார் எழுதலாம்? இவளை ஒரு நாள் வீட்டுல வச்சுப் பார்த்தீங்களா?”

தையல்காரர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அதனால்தானே ஜெயித்திருக்கிறோம், வாயை மூடு என்று காதோடு கெஞ்சினார். ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள் என்று அவள் நின்றாள். அதிகாரி அதைக் காதில் வாங்காமல் ஒரு ரசீதை எடுத்தார். காட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பெற்றுக்கொள்கிறவர் யார் என்று எழுத வேண்டும். நீங்கள் யார் என்று கேட்டார். அம்மா என்றாள். அவர் கோப்பிலிருந்த டாக்டர் சான்றிதழைப் பிரித்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

“நீங்க குழந்தையே பெறலைன்னு இதுல இருக்கேம்மா.”

“ஆமா சார், நான் பெறலதான். என் பிள்ளைதான் இது.”

பாப்பா அதற்குள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பசிக்குது, வீட்டுக்குப் போலாம் என்று அம்மாவின் விரலைப் பிடித்தது. அதிகாரிக்கும் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் ‘தாய், பெறாதவர்’ என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த கோப்பை எடுத்துவரச் சொன்னார்.